முதுகு வலிக்கு எலும்பைக் குறை சொல்லுமுன்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் முதுகு வலியை யாரும் நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. இனிப்புநீர் (நீரிழிவு) என்றால் கையில் மருந்துப் புத்தகம் இருக்கும். இரத்த அழுத்தம் என்றால் தவணை தவறாமல் கிளினிக்குக்குப் போவார்கள். இடுப்பு வலி என்றால் மட்டும் ஒரு தைலப் புட்டி, இரண்டு பிளாஸ்டர், அதோடு சரி. தோட்டத்தில் உழைத்த உடம்பு வலிக்காமல் இருக்குமா என்று தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தச் சமாதானம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. உழைத்தால் களைப்பு வரும். நிமிர முடியாத அளவுக்கு வலி வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்; பெரும்பாலும் அதைக் குறைக்க ஒரு வழியும் இருக்கும்.

காரணம் கேட்டால் மூன்று பதில்கள் வரும். வயதானவர்கள் வாயு என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் எலும்பு தேய்ந்துவிட்டது என்பார்கள். பிள்ளை பெற்ற பெண்கள், அறுவைப் பிரசவத்துக்காக முதுகில் போட்ட ஊசியைச் சொல்வார்கள். அனுபவத்திலிருந்து பிறந்த விளக்கங்கள் இவை. கேலி செய்ய ஒன்றுமில்லை. ஆனால் அந்த உடம்பு காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தது என்ற கேள்வி இந்த மூன்றிலும் விடுபட்டுப்போகிறது.

2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 61.9 கோடிப் பேர் கீழ் முதுகு வலியோடு வாழ்ந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. 2050க்குள் இது 84.3 கோடியாகும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. மனிதரை வேலை செய்யவிடாமல் முடக்கும் உடல்நலக் கோளாறுகளில் இதற்குத்தான் முதலிடம். இவர்களில் பத்துக்கு ஒன்பது பேரிடம் இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. வலி பொய் என்று இதற்குப் பொருளில்லை. தசை, தசைநார், மூட்டு, வட்டு, தூக்கம், மனக்கவலை, வேலைப்பளு என்று பல சேர்ந்து உண்டாக்கும் வலி அது.

வேலை முதுகை என்ன செய்கிறது

முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் 5 பெரிய எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு வட்டு இருக்கிறது. அதன் வெளிப்புறம் பல அடுக்கு நார். உட்புறம் நீர் நிறைந்த கூழ். வளர்ந்தவரின் வட்டுக்குள் இரத்தக் குழாய்கள் போவதில்லை. அக்கம்பக்கத்திலிருந்து ஊறி வரும் ஊட்டத்தை நம்பித்தான் அது இருக்கிறது. உடம்பின் அசைவு அந்த ஊறலுக்குத் துணை செய்கிறது. வலி வந்தால் அசையாமல் கிடப்பதே நல்லது என்ற எண்ணம் இங்கேயே அடிபட்டுப்போகிறது.

இரவில் படுத்திருக்கும்போது வட்டு நீரை இழுத்து உப்பிக்கொள்ளும். காலையில் எழும்போது மாலையில் இருந்ததைவிட நாம் 1 முதல் 2 செ.மீ. வரை உயரமாக இருப்பது இதனால்தான். அப்படி உப்பி இறுகியிருக்கும் வேளையில் ஆழமாகக் குனிந்தால், அதே குனிவு பிற்பகலில் தருவதைவிட அதிக இழுவை வட்டின்மேல் விழுகிறது. காலையில் எழுந்ததும் பல் துலக்கக் குனியும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது என்று பலர் சொல்வதில் ஆச்சரியமில்லை.

பால்மரம் வெட்டியவர்கள் எந்த வேளையில் குனிந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தங்களுக்கு ஒதுக்கிய மரவரிசையான நிரையில் இறங்குவார்கள். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் வேலையைத் தள்ளிப்போட முடியாது. ஒரு நிரையில் 400, 500 மரங்கள். வெட்டும் பட்டை கீழே இறங்க இறங்க முதுகும் கூடவே இறங்கும். பட்டை முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டால் மரத்துக்கு மரம் ஒரு முழுக் குனிவு. பிறகு மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, காண்டா கம்பின் இரு முனையிலும் மாட்டி, மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் பாதையில் பால் நிறுக்கும் இடம்வரை சுமக்க வேண்டும். இன்று எழுபதைத் தாண்டிய நம் அம்மாக்களின் இடுப்பு இந்த வேலையில் உருவான இடுப்பு.

1950களில் பிரிட்டிஷ் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். இந்த ஊரில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழி செய்தார். நிலம் யார் கைக்குப் போனது என்ற வரலாறு ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. அதே காலத்தில் ரப்பர் படிப்படியாகப் போய்ச் செம்பனை வந்ததில் உழைப்பவரின் முதுகுக்கு என்ன ஆனது என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. சுருக்கமாகச் சொன்னால், குனிவு குறையவில்லை, பாரம் கூடியது.

இளம் செம்பனையில் குலை தாழ்வாக இருக்கும். குனிந்து, உளி பொருத்திய கம்பியால் குத்தித் தள்ள வேண்டும். மரம் உயர்ந்தபின் நீண்ட குழாயின் நுனியில் அரிவாளை மாட்டி, அண்ணாந்து பார்த்து இழுக்க வேண்டும். கழுத்தும் தோளும் முதலில் போகும். கீழே விழும் குலை 10 கிலோவும் இருக்கும், 25 கிலோவும் இருக்கும், சில அதற்கு மேலும் இருக்கும்.

குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றும் அந்த ஒரு நொடியைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். குலை முழுக்க முள். அதை உடம்போடு அணைத்துத் தூக்க முடியாது. கொக்கியால் குத்தி, கையை நீட்டி, உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்து, இடுப்பை ஒரு பக்கமாகத் திருப்பி வண்டிக்குள் வீசுகிறார். கால் நிற்பது ஈர மண்ணிலோ வெட்டிப்போட்ட ஓலையின் மேலோ. முதுகெலும்பை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் அதற்குப் பின்னால் ஏறத்தாழ 5 செ.மீ. தூரத்தில் இருக்கின்றன. 20 கிலோ குலை முதுகெலும்பிலிருந்து 50 செ.மீ. முன்னால் இருந்தால், அதைத் தாங்க அந்தத் தசைகள் சுமார் 200 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும். ஏற்றமரத்தின் குட்டையான பக்கத்தில் ஏறி மிதிக்கிறவரின் நிலைமைதான் அந்தத் தசைகளுக்கு. அதே குலையை வயிற்றோடு ஒட்டிப் பிடிக்க முடிந்தால் இந்தப் பாரம் பாதிக்கும் கீழே போய்விடும். முள் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

பிரிட்டனின் தொழிலிடப் பாதுகாப்புத் துறை வகுத்த வழிகாட்டியில், உடம்போடு ஒட்டி, தொங்கவிட்ட கையின் உயரத்தில் தூக்கும்போது ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ என்று எல்லை சொல்லியிருக்கிறார்கள். தரை மட்டத்திலிருந்து கையை நீட்டித் தூக்குவதானால் ஆணுக்கு 5 கிலோ, பெண்ணுக்கு 3 கிலோதான். செம்பனைக் குலை கிடப்பது தரையில். இந்த ஒரு ஒப்பீட்டைப் பார்த்தபிறகு, வேலையாளின் முதுகில் பலம் இல்லை என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

உதிரிப் பழம் பொறுக்கும் பெண்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. குலை கனமானது என்பதால் அது கண்ணில் படுகிறது. உதிரிப் பழம் விரல் அளவுதான். ஆனால் மரத்தடியில் இடுப்பை மடித்து, தலையைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போடும் வேலையில் முதுகுத் தசைகளுக்கு ஓய்வே கிடையாது. நெடுநேரம் குனிந்தே இருந்தால் தசைநார்கள் மெல்ல நீண்டு தளர்ந்துபோகும். அப்படித் தளர்ந்த நிலையில் சட்டென்று எழுந்து நிரம்பிய சாக்கைத் தூக்கும்போதுதான் பிடிப்பு வருகிறது. உரம் போடுகிறவர்கள் ஒரு பக்கமாகச் சுமக்கும் வாளியும், மருந்து அடிக்கிறவர்கள் முதுகில் மாட்டும் தொட்டியும் இதே கதைதான்.

தோட்டத்தை விட்டு வந்தவர்கள்

இன்று தோட்டத்தில் குலை அறுப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் பிள்ளைகள் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) குடியேறிவிட்டார்கள். ஆனாலும் வலி அவர்களை விட்டுப்போகவில்லை. தொழிற்சாலையில் ஒரே இடத்தில் நின்று பெட்டி கட்டுகிறார்கள். பாதுகாவலர் வேலையில் 12 மணி நேரம் நாற்காலியில் இருக்கிறார்கள். ஈப்போவுக்கு மோட்டார் சைக்கிளில் தினமும் போய் வருகிறார்கள். லோரி ஓட்டுகிறவர்களுக்கு இஞ்சினின் அதிர்வு நாள் முழுக்க முதுகெலும்பில் ஏறுகிறது. உடம்பு முழுவதையும் அதிர வைக்கும் வேலைகளுக்கும் கீழ் முதுகு வலிக்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரே நிலையில் அதிக நேரம் இருப்பதை முதுகு விரும்புவதில்லை, அந்த நிலை எவ்வளவு சரியானதாக இருந்தாலும்.

பிரசவ ஊசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊசி போட்ட இடம் சில நாள் வலிப்பது உண்மை. ஆனால் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்கு அந்த ஊசி காரணம் என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. ஊசி போடாமல் பெற்றவர்களுக்கும் அதே வலி வருகிறது. கர்ப்பகாலத்தில் தசைநார்கள் தளர்கின்றன, வயிற்றுத் தசைகள் விரிந்துபோகின்றன, உடம்பின் பாரம் முன்னால் சாய்கிறது. பிள்ளை பிறந்தபின் குனிந்து பால் கொடுப்பது, தொட்டிலிலிருந்து தூக்குவது, ஓய்வில்லாத இரவுகள் என்று எல்லாம் சேர்கின்றன. ஊசிதான் காரணம் என்று நம்பிவிட்டால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். எனக்குக் கவலை தருவது அந்த முடிவுதான். வயிற்றுத் தசையையும் இடுப்புத் தசையையும் பயிற்சியால் மீட்க முடியும்.

படம் எடுத்தால் தெரிந்துவிடுமா

எலும்புத் தேய்மானம் என்ற சொல்லுக்கு வருவோம். வலியே இல்லாத 3,110 பேரின் முதுகுப் படங்களை ஒன்றுசேர்த்து 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கு வட்டு தேய்ந்திருந்தது. 50 வயதில் 80 விழுக்காடு. 80 வயதில் 96 விழுக்காடு. திரும்பவும் சொல்கிறேன், இவர்களில் யாருக்கும் முதுகு வலி கிடையாது. தலை நரைப்பதுபோல முதுகெலும்பின் உள்ளேயும் வயது தெரிகிறது. ஆகவே, எம்.ஆர்.ஐ. படத்தில் வட்டு பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தால், அதுதான் இன்றைய வலிக்குக் காரணம் என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது.

இந்தச் செய்தி ஊருக்குள் வந்து சேராததால் நடப்பது என்ன? வேறு செலவுக்கு வைத்திருந்த பணத்தைப் போட்டுத் தனியார் இடத்தில் படம் எடுக்கிறார்கள். அறிக்கையில் தேய்மானம் என்று பார்த்ததும் பயம் பிடித்துக்கொள்கிறது. குனிவதில்லை, பேரப்பிள்ளையைத் தூக்குவதில்லை, கோயிலுக்கு நடந்து போவதில்லை. தசை மெலிகிறது, வலி கூடுகிறது, அறிக்கை சொன்னது சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். முதல் சில வாரங்களில் ஆபத்துக்கான அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் படம் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னால், அவர் அலட்சியம் காட்டுவதாக எண்ண வேண்டாம்.

படம் உதவுகிற இடங்களும் உண்டு. வட்டின் கூழ் வெளியே பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி இடுப்போடு நிற்காது. புட்டம், தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல இறங்கும். இருமினால், தும்மினால் கூடும். கீழ்க்கடைசி இரண்டு வட்டுகளில்தான் இது பெரும்பாலும் நடக்கிறது. இதிலும் நல்ல செய்தி இருக்கிறது. பிதுங்கிய பகுதியை உடம்பே மெல்லக் கரைத்துவிடுவதுண்டு. பெரும்பாலோர் அறுவை சிகிச்சை இல்லாமலே தேறுகிறார்கள். நெதர்லாந்தில் 283 நோயாளிகளை வைத்து நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி விரைவில் குறைந்தது. ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, காத்திருந்து மற்ற சிகிச்சை பெற்றவர்களும் ஏறத்தாழ அதே நிலைக்கு வந்திருந்தார்கள். அறுவை என்ற பேச்சு வந்ததும் ஓடுவதும் தவறு, அது ஒன்றே தீர்வு என்று நினைப்பதும் தவறு.

வயதானவர்களிடம் இன்னொரு வகை இருக்கிறது. மருத்துவர் கேட்பார்: “ஐயா, நடந்தால் வலிக்கிறதா, சைக்கிள் ஓட்டினாலும் வலிக்கிறதா?” பெரியவர் சொல்வார்: “சைக்கிள் என்றால் எவ்வளவு தூரமும் போவேன் டாக்டர். நடந்தால்தான் இரண்டு வீடு தாண்டுவதற்குள் கால் மரத்துப்போகிறது. எங்கேயாவது குந்தி எழுந்தால் சரியாகிவிடும்.” நரம்பு செல்லும் பாதை குறுகிப்போனதன் அடையாளம் இது. முன்னால் சாயும்போது பாதை சற்று விரிவதால் சைக்கிளில் வலி தெரிவதில்லை. காலுக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்தாலும் நடக்கும்போது வலி வரும் என்பதால், இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண் ஒருவர் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கியதும் முதுகில் கடும் வலி வந்தால், எலும்பு நலிந்து நசுங்கியிருக்கக்கூடும். அங்கே எக்ஸ்ரே கட்டாயம் வேண்டும்.

காத்திருக்கக் கூடாத வலி

நூற்றில் சில முதுகு வலிகள் ஆபத்தானவை. இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லாரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதுகு வலியோடு சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், அல்லது மலமோ சிறுநீரோ கட்டுப்பாடில்லாமல் போனால், சைக்கிள் சீட்டில் படும் இடம் முழுக்க மரத்துப்போனால், இரண்டு கால்களும் பலமிழந்தால், அன்றைக்கே, அந்த மணியிலேயே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். முதுகெலும்பின் அடிப்பகுதி நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறி இது. தாமதித்தால் நிரந்தரமாக முடங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சொல்லக் கூச்சப்படவும் கூடாது.

காய்ச்சலோடு முதுகு வலி வந்தாலும் விடக்கூடாது. தோட்டத்திலும் வயலிலும் வேலை செய்கிறவர்களுக்கு எலிச் சிறுநீர் கலந்த நீர், மண் வழியாக எலிக்காய்ச்சல் தொற்றும். காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்காலிலும் இடுப்பிலும் கடும் தசைவலி என்று வரும். வேலைக் களைப்பு என்று நினைத்துப் படுத்துவிட்டால் சிறுநீரகமும் ஈரலும் பாதிக்கப்படலாம். கிளினிக்குக்குப் போகும்போது தோட்டத்தில் வேலை செய்கிறேன் என்பதை நாமே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். டெங்கியிலும் இதே போன்ற உடம்பு வலி வரும்.

வாரக்கணக்கில் மெல்லக் கூடும் வலி, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு ஆகியவை சேர்ந்து வந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும். காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை. பல மாத மருந்தில் குணமாகக்கூடிய நோய் அது. கண்டுபிடிக்கத் தவறினால் கூன் விழும், காலும் செயலிழக்கும். முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக முதுகு வலி வந்தாலும் உடனே காட்ட வேண்டும். விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாகத் தொடங்கி, அலை அலையாகத் தொடை இடுக்குக்கு இறங்கும் வலி சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறவர்களுக்கு அதற்கான வாய்ப்பு அதிகம்.

இளைஞர்களிடம் ஒன்றைக் கேளுங்கள். காலையில் எழுந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்திருக்கிறதா, நடமாடினால் குறைந்து ஓய்வெடுத்தால் கூடுகிறதா? ஆம் என்றால் முதுகெலும்பு மூட்டுகளில் வரும் ஒருவகை அழற்சி நோயாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து, வேறு நிபுணர்.

மருந்தும் மருந்தல்லாததும்

ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லாத திடீர் வலி பெரும்பாலோருக்கு நான்கு, ஆறு வாரங்களில் வெகுவாகக் குறைந்துவிடும். முதல் ஓரிரு நாள் வேகத்தைக் குறைக்கலாம். நாள்கணக்கில் படுக்கையில் கிடப்பது தீமை. எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுப்பதைத் தப்பென்று சொல்லவில்லை. எம்.சி. எடுத்த நாளிலும் வீட்டைச் சுற்றியாவது நடக்க வேண்டும். சுடுநீர் ஒத்தடம் பலருக்கு இதம் தரும்.

பாரசிட்டமோல் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1,652 பேரை வைத்து நடத்தி 2014இல் வெளியிட்ட சோதனையில், அதைச் சாப்பிட்டவர்களுக்கு முதுகு வலி குணமாகச் சுமார் 17 நாளும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சுமார் 16 நாளும் ஆயின. வித்தியாசமே இல்லை. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் ஓரளவு உதவும். ஆனால் அவை வயிற்றில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். நம் சமூகத்தில் இது சின்ன விஷயமில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடம் அது 31.4 விழுக்காடு. சர்க்கரையால் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் சிறுநீரகத்தின்மேல் தினமும் வலி மாத்திரையைப் போடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பது, டயாலிசிஸுக்குப் போய்வரும் உறவினர் ஒருவர் உள்ள எந்த வீட்டுக்கும் தெரியும்.

அதைவிட எனக்குப் பயம் தருவது இரவுச் சந்தையிலும் இணையத்திலும் விற்கும் பெயர் தெரியாத மூட்டுவலி உருண்டைகளும் ஜாமு என்ற மூலிகை மருந்துப் பொட்டலங்களும். சாப்பிட்ட மறுநாளே வலி பறந்துவிடும், நன்றாகப் பசிக்கும், முகம் உப்பிக் களையாகத் தெரியும். மூலிகை இவ்வளவு வேகமாக வேலை செய்யாது. இத்தகைய பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசியாவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு பலமுறை கண்டுபிடித்துத் தடை செய்திருக்கிறது. இதைத் தொடர்ந்து சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், கிருமித்தொற்று எளிதாக வரும். திடீரென்று நிறுத்தினால் உடம்பு மயங்கி விழும் அளவுக்குத் தளர்ந்துபோகலாம். ஆகவே பல மாதம் சாப்பிட்டவர்கள் தாமாக நிறுத்தாமல், பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். பதிவு செய்யப்பட்ட பாரம்பரிய மருந்தின் உறையில் ‘MAL’ என்று தொடங்கி ‘T’ என்ற ஆங்கில எழுத்தில் முடியும் எண் இருக்கும். அது இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். எண் போலியாகவும் இருக்கலாம் என்பதால், ஒரே நாளில் வலி பறந்தால் அதுவே சந்தேகத்துக்கு இடம்.

உருவிவிடுவதைப் பற்றிப் பலர் கேட்பார்கள். நீடித்த முதுகு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில் பயிற்சி, விளக்கம், மனநல ஆதரவு ஆகியவற்றோடு மசாஜையும் சேர்த்திருக்கிறது. தைலம் தேய்த்து மென்மையாக உருவினால் தசை இளகும், தூக்கம் வரும்; அது நல்லதே. மரத்துப்போன காலோடு போய் முதுகை மிதிக்கச் சொல்வதும், நெட்டி முறிப்பதற்காக எலும்பு நலிந்த பாட்டியை மடக்குவதும் வேறு. இடுப்பில் கட்டும் பெல்ட், இழுவை சிகிச்சை, போதை தரும் வலி மருந்துகள் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. பெல்ட் கட்டாமல் வேலைக்குப் போக மாட்டேன் என்கிறவர்கள் இந்த வரியைக் கவனிக்க வேண்டும்.

நடப்பது செலவில்லாதது. ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடந்து 2024இல் வெளியான ஆய்வில், வலி குணமானவர்களைப் படிப்படியாக வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் என்ற அளவுக்கு நடக்கச் செய்தார்கள். நடந்தவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்பி வர 208 நாள் ஆனது; மற்றவர்களுக்கு 112 நாள். மாலையில் பள்ளித் திடலைச் சுற்றி வரும் பெரியவர்கள் சரியான மருந்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். நாள் முழுக்கத் தோட்டத்தில் உழைத்தவருக்கு இது பொருந்துமா என்று கேட்டால், அவருக்கு வேண்டியது வேறு: தொடை, புட்டம், வயிற்றுத் தசைகளுக்குப் பலம் ஏற்றும் பயிற்சி, வேலைக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும் இடைவெளி, போதுமான தூக்கம். அதைப் பிசியோதெரபிஸ்ட் அவரவர் உடம்பைப் பார்த்துச் சொல்லித்தர வேண்டும்.

கவலையைப் பற்றிச் சொல்லாமல் போனால் இது முழுமையாகாது. கடன், வேலை போய்விடுமோ என்ற அச்சம், தூக்கமின்மை ஆகியவை வலியின் அளவைக் கூட்டுகின்றன. மூளையும் நரம்பும் வலியை உரக்கச் சொல்லத் தொடங்கிவிடும். நீ நடிக்கிறாய் என்று மண்டோர் (மேற்பார்வையாளர்) சொன்னாலும், மாமியார் சொன்னாலும், அந்த வலி குறையாது, கூடும்.

எங்கே போவது

அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். அங்கிருந்து கடிதம் வாங்கிச் சுங்கை சிப்புட் மருத்துவமனைக்கோ, தேவைப்பட்டால் ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கோ போகலாம். தவணை கிடைக்க நாளாகும். அந்த இடைவெளியில்தான் பொட்டல மருந்து வீட்டுக்குள் நுழைகிறது. மருத்துவரிடம் இடுப்பு வலி என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது தொடங்கியது, கால்வரை இறங்குகிறதா, மரத்துப்போகிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா, என்ன வேலை செய்கிறேன், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். ஊசி போடுங்கள் டாக்டர் என்று கேட்பதற்குப் பதிலாகப் பிசியோதெரபிக்குக் கடிதம் தாருங்கள் என்று கேளுங்கள்.

வேலையிடத்தில் தூக்கும்போது அடிபட்டிருந்தால் அன்றைக்கே முதலாளிக்குத் தெரிவித்து, கிளினிக் சீட்டில் அதைக் குறிக்கச் சொல்ல வேண்டும். சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் உள்ளவருக்கு வேலை விபத்தால் குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்பு கிடைத்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக ஊன உதவியாகக் கிடைக்கும். மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டமும் 2007 முதல் இருக்கிறது. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து லயத்தில் இருப்பவருக்கு இது தெரியாவிட்டால் சொல்லுங்கள். குத்தகைக்காரரிடம் கைக்கூலிக்குப் போகிறவர்களின் பெயரில் சந்தா கட்டப்படுகிறதா என்பதை அடிபடுமுன்னே விசாரித்து வைக்க வேண்டும். அடிபட்டபின் கேட்டால் குத்தகைக்காரர் உங்களைத் தெரியாது என்பார்.

40 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்று 1994ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உண்டு. அந்தக் கூட்டத்தில் தலைக்கவசத்தையும் காலணியையும் பேசுவதுபோல முதுகையும் பேச வேண்டும். 50 கிலோ உர மூட்டைக்குப் பதில் 25 கிலோ மூட்டை, குனியாமல் உதிரிப் பழம் சேர்க்க நீண்ட கைப்பிடி வைத்த கருவி, தள்ளுவண்டிக்குக் காற்று நிறைந்த நல்ல டயர், பெரிய குலையை இருவர் சேர்ந்து தூக்க நேரம். இவற்றைக் கேட்டு, கேட்டதைக் கூட்டக் குறிப்பில் எழுத வைக்க வேண்டும்.